அட்டையில் ஒரு பெயர், கட்டிலில் ஒரு உடம்பு

அக்குபங்சர் ஊசி குத்துகிற டாக்டர்மார் காப்புறுதிக்காரரின் பட்டியலில் சேரலாமோ கூடாதோ என்று திரும்பவும் கதை வந்திருக்கிறது. நான் வேலை செய்த அதே இரண்டாம் மாடியில் இப்போது இரண்டு இளம் டாக்டர்மார் இருக்கிறார்கள். முழங்கால் வலிக்குப் போன இடத்தில் ஒருத்தி ஒரு தடித்த கடிதத்தைக் காட்டினா. காப்புறுதிக் கம்பனி ஒன்று அனுப்பினது. "நீங்கள் பழைய டாக்டரோடு இருந்தவர்தானே. அவர் சேர்ந்தாரா? நல்லாக இருந்ததா?" என்று பிரெஞ்சில் கேட்டா.

எழுதித் தாறன் என்றேன். எனக்குக் கதை வராது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. எழுதினால் அடித்துத் திருத்தலாம். அதனால் எழுதுகிறேன்.

அவர் சேர்ந்தவர். சேர்ந்தபின் நடந்த ஒரு விசயத்தைச் சொல்லுகிறேன்.

எனக்கு ஊர் மன்னார். எண்பதுகளின் நடுவில் தனியாகப் பாரிசுக்கு வந்தேன். முதல் ஆறு மாதம் லா ஷப்பெல்லில் கட்டடங்களின் படி கழுவினேன். ஒரு கட்டடத்தில் ஒருநாள் மேலே இருந்து இறங்கி வந்த மனிதர் என் முன்னால் நின்று, "நீ தமிழாம்மா?" என்று கேட்டார். வாளியைக் கீழே வைத்தேன். பயந்துபோய்த்தான் ஓம் என்றேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற விசாத் துண்டு ஒன்றுதான் என்னிடம் இருந்தது. யார் என்ன கேட்டாலும் முதலில் கை அந்தத் துண்டைத் தேடும்.

அவர் டாக்டர் தனிஸ்லாஸ். பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடிமகன். பிரெஞ்சு இராணுவத்தில் டாக்டராக இருந்து, வியட்நாமில் நின்ற காலத்தில் இந்த ஊசி முறையைப் பழகினவர். அறுபது வயது இருக்கும். கழுத்துப்பட்டி இல்லாமல் அவரைக் கண்டதில்லை. குரல் உயராது. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவ்வளவுதான்.

என்னை முதலில் அறை துடைக்க வைத்தார். பிறகு ஊசி கழுவ. பிறகு ஊசி எடுக்க. பிறகு எங்கட சனத்தோடு கதைத்துக் குறிப்பு எழுத. அதுதான் என் படிப்பு.

ஊசி கழுவுகிறதைச் சொல்ல வேண்டும். இப்ப ஒருதரம் குத்திவிட்டு எறிகிறார்கள். அப்ப எறிகிறதில்லை. எடுத்த ஊசி நேரே மருந்துத் தண்ணீருக்குள் போகும். அரை மணித்தியாலம் ஊற விட்டு, கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகச் சின்னப் பிரஷால் தேய்க்க வேண்டும். அலசி, துடைத்து, பிறகு பஞ்சுக்குள் ஒருமுறை விட்டு இழுக்க வேண்டும். பஞ்சு நூல் ஊசியோடு வந்தால் முனை கொக்கி விட்டிருக்கு என்று அர்த்தம். அது வேலைக்கு உதவாது. வளைந்த ஊசியைக் கண்ணாடித் தட்டில் உருட்டினால் துள்ளும். அதையும் விலத்த வேண்டும். நல்லதைக் கண்ணாடிக் குழாயில் போட்டு, குழாயைச் சூட்டுப்பெட்டிக்குள் அடுக்கி, நூற்றெண்பது பாகையில் இரண்டு மணித்தியாலம். இடையில் கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால் முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

எயிட்ஸ் பயம் வந்த பிறகு டாக்டர் இன்னொரு ஒழுங்கு கொண்டுவந்தார். ஒரு ஆளுக்கு ஒரு குழாய். குழாயில் அவரவர் பெயர் ஒட்டியிருக்கும். ஒருவருக்குக் குத்தினது இன்னொருவருக்குப் போகாது. சனம் வந்து படுத்தவுடன் குழாயைக் காட்டி, "இது உங்கட பெயர்தானே?" என்று நான் கேட்பேன். பார்த்துத் தலையாட்டினபிறகுதான் டாக்டர் கை வைப்பார்.

மூன்று கட்டில். நடுவில் திரைச்சீலை. அவர் இரண்டு கையாலும் நோயாளியின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு நாடி பார்ப்பார். அந்த நேரம் கட்டடத்துக்கு வெளியே பாலத்தில் மெத்ரோ ரயில் போனால், போய் முடியும்வரை காத்திருந்து திரும்பத் தொடங்குவார். இடது பெருவிரலால் இடத்தை அமத்துவார். "இருமும்மா" என்பார். ஆள் இருமுகிற அந்தக் கணத்தில் ஊசி உள்ளே போயிருக்கும். குத்தும்போது எண்ணுவார், பிரெஞ்சில், வாய்விட்டு. இருபது நிமிடம் கழித்து நான் எடுப்பேன். எடுக்கும்போது நானும் எண்ண வேண்டும். திரைக்கு அந்தப் பக்கம் இருந்து, "எத்தினி?" என்று கேட்பார். நான் சொல்லுகிற எண்ணும் அவர் சொன்ன எண்ணும் ஒன்றாக இருந்தால் "வொலா" என்பார், சரி என்று. இல்லாவிட்டால் ஒருவரும் கட்டிலை விட்டு இறங்க ஏலாது. ஒருமுறை ஒரு பிரெஞ்சுக் கிழவிக்கு ஒன்று குறைந்தது. முக்கால் மணித்தியாலம் தேடினோம். கொண்டைக்குள் இருந்தது. கிழவி, "வைத்திருக்கட்டுமா, கொண்டை ஊசி வாங்கத் தேவையில்லை" என்று சிரிச்சா. டாக்டர் சிரிக்கவில்லை.

பெண்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. கையில் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சதை, காலில் உள்பக்கக் கணுவுக்கு நாலு விரல் மேலே. இந்த இரண்டு இடமும் வயிற்றில் பிள்ளை இருந்தால் தொடக்கூடாது. ஒவ்வொரு பெண்ணிடமும் அவரே கேட்பார். எங்கட பெண்கள் ஆம்பிளை டாக்டருக்கு மறுமொழி சொல்லாமல் சுவரைப் பார்ப்பார்கள். அதனால் கேட்கிற வேலையை என்னிடம் தந்தார். "கேட்டு எழுதிடு. நீ எழுதினத நான் நம்புவேன்" என்றார்.

அந்த நேரம் அவர் காப்புறுதிப் பட்டியலில் இல்லை. வருகிறவர்கள் முழுக் காசையும் தாங்களே கொடுத்தார்கள். அதனால் வந்தது பிரெஞ்சுக் கிழவிகளும் பாண்டிச்சேரி ஓய்வூதியக்காரரும்தான். கீழே தெருவில் எங்கட பெடியள் தோளைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். ரெஸ்ரோறண்டில் சட்டி கழுவிக் கழுவி வந்த வலி. ஒருவரும் படி ஏறவில்லை.

சேருகிறதைப் பற்றி ஒன்பது நாள் யோசித்தார். அந்த அறையில் தமிழில் கதைக்க வேறு ஆள் இல்லாததால் என்னோடு கதைத்தார்.

"சேர்ந்தா அவங்க சொல்ற நேரம், அவங்க சொல்ற ஒழுங்கு. எந்தப் பேப்பரையும் எப்ப வேணும்னாலும் வந்து பாப்பாங்க. சேரலன்னா கீழ நடக்கிறவன் மேல வர மாட்டான்."

"காப்புறுதிக் கந்தோர் ஆக்கள் இஞ்சை வருவினமோ, டாக்டர்?"

"ஆபீஸ்காரங்கதானே, வருவாங்க."

"என்னைக் கேப்பினமோ?"

"உன்ன எதுக்கும்மா கேக்கப்போறாங்க?"

"ஊசி எடுக்கிறது நான்."

கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "எடுக்கிறதுல தப்பில்ல. போடுறதுதான் டாக்டர் வேல. நீ உங்க ஊர் ராணுவத்துக்குப் பயப்படுற மாதிரி கந்தோருக்கும் பயப்படுறியே."

எனக்கு இரண்டும் ஒன்றுதான். பெயரை எழுதிக்கொண்டு போகிறவர்கள்.

பத்தாம் நாள் கையெழுத்து வைத்தார். ஒரு மாதத்தில் படிக்கட்டு நிரம்பியது. காப்புறுதி அட்டையைக் கொண்டுவந்து காட்டினால் நான் ஒரு மண்ணிறத் தாளில் பெயரையும் இலக்கத்தையும் எழுதுவேன். டாக்டர் கையெழுத்து வைப்பார். சனம் அதைக் கந்தோருக்கு அனுப்பி, தாங்கள் கொடுத்த காசில் பெரும்பங்கைத் திரும்ப எடுக்கும். சட்டி கழுவுகிற பெடியள் வந்தார்கள். தையல் கடைப் பெண்கள் வந்தார்கள். வாசலில் சப்பாத்துகளைக் கழற்றி வைப்பார்கள். டாக்டர் அதைப் பார்த்து, "என்னம்மா, கோயிலா இது?" என்பார்.

அந்த அட்டையில் அப்ப படம் இல்லை. பெயரும் இலக்கமும் மட்டும்.

எங்கட ஆக்களிடம் இரவல் கொடுக்கிறது பழக்கம். கலியாணத்துக்குச் சங்கிலி இரவல் கொடுப்பார்கள். விசாக் கந்தோரான பிறிபெக்சருக்குப் போக என்று ஒரு நல்ல குளிர்க்கோட்டு இருந்தது. அதை நாலு பெடியள் மாறி மாறிப் போட்டார்கள். அட்டையையும் அப்படித்தான் நினைத்தார்கள். அட்டை கிடைத்தவர் கிடைக்காதவருக்குக் கொடுத்தார். நான் கண்டுகொண்டேன். ஒரு பெயரில் ஒருமுறை மெலிந்த ஆள், மற்றமுறை தடித்த ஆள். டாக்டர் கூட ஒருநாள் கேட்டார், "ஏம்மா, இந்தத் தெருவுல எல்லாருக்கும் ஒரே பேரா?" நான் சூட்டுப்பெட்டியைப் பார்க்கப் போகிறமாதிரிப் போய்விட்டேன். ஒருவனை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, குழாயில இருக்கிறது உன்ர ஊசி இல்லை. உனக்கு வேற குழாய் வைக்கிறன், இனி மாத்தாதை" என்றேன். அவ்வளவுதான் செய்தேன்.

பிறகு அந்தப் பிள்ளை வந்தது.

ஜெயமலர் என்று அட்டையில் இருந்தது. ஜெயமலரை எனக்குத் தெரியும். பாரிசுக்கு வெளியே லா கூர்னெவில் இருக்கிறவ. திரான்சிக் கோயிலில் தமிழ்ப் பூசைக்கு வருவா. தடித்த ஆள், சத்தமாகச் சிரிப்பா. வந்து நின்றது மெலிந்த பிள்ளை. முகச்சாயல் இருந்தது. தங்கச்சியாக இருக்கும் என்று நினைத்தேன். ஊரில் இருந்து வந்து நாலு மாதம்தான் இருக்கும். பிரெஞ்சு ஒரு சொல்லும் இல்லை.

"பெயர் என்ன, பிள்ளை?"

"ஜெயமலர்." நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

தலையிடி, பிடரி இறுக்கம். தையல் கடையில் நின்றபடி இஸ்திரி போடுகிற வேலை, பத்து மணித்தியாலம். குறிப்புத்தாளை எடுத்தேன். இது கந்தோருக்குப் போகிற மண்ணிறத் தாள் இல்லை. டாக்டர் பார்த்துக் குத்துகிற தாள்.

"பிள்ளையள் இருக்கோ?"

"ரெண்டு."

"இப்ப வயித்தில?"

"இல்லை. ரெண்டாவதோடை ஒப்பரேசன் செய்தது. இனிப் பிறக்காது."

பாடமாக்கின மாதிரிச் சொன்னாள். அது ஜெயமலரின் உடம்பு. எனக்குத் தெரியும். கோயில் வாசலில் ஜெயமலரே சொல்லியிருந்தா. இந்தப் பிள்ளை தமக்கையின் அட்டையோடு தமக்கையின் வயிற்றையும் கொண்டுவந்திருந்தது. கந்தோரில் இருக்கிற தாளுக்கும் இஞ்சை இருக்கிற தாளுக்கும் வித்தியாசம் வந்தால் பிடிபடும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

நானும் அதைத்தான் நினைத்தேன். தாளும் அட்டையும் பொருந்தட்டும். பேனையை எடுத்து, "இனிப் பிள்ளை பெறாமல் இருக்க ஒப்பரேசன் செய்தது" என்று எழுதினேன். எனக்குக் கண்ணுக்கு முன்னால் நின்றது கந்தோர். கட்டிலில் கிடந்தது எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் தாளைப் பார்த்தார். நாடி பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். திரும்பவும் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் குழாயைத் திறந்துகொண்டு நின்றேன். அவர் இருமச் சொன்னார். எட்டு ஊசி. பிடரியில் நாலு, கையில் அந்தச் சதையில் இரண்டு, காலில் உள்கணுவுக்கு மேலே இரண்டு.

அடுத்த செவ்வாயும் வந்தாள். அதே எட்டு. டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நான் எடுக்க வந்தேன். பிடரியில் நாலையும் எடுத்துவிட்டுக் கையில் தொடும்போது மெதுவாகக் கேட்டாள்:

"அக்கா, இந்த ஊசியால வயித்துக்கு ஒண்டும் செய்யாதோ?"

"என்ன வயித்துக்கு?"

"மூண்டாம் மாசம்."

திரைக்கு அந்தப் பக்கம் டாக்டர், "இருமுங்க ஐயா" என்று யாருக்கோ சொன்னார். அந்த ஆள் இருமினது. மெத்ரோ போனது. தட்டில் கிடந்த நாலு ஊசியும் நடுங்கின.  ஊசி உள்ளே வளையாமல் நேராக இழுக்க வேண்டும். கையில் இரண்டை எடுத்தேன். காலில் இரண்டை எடுத்தேன். பஞ்சு வைத்து அமத்தினேன்.

"எத்தினி?" என்று டாக்டர் கேட்டார்.

"எட்டு, டாக்டர்."

"வொலா."

நான் அந்தப் பிள்ளைக்குச் சொன்னது இவ்வளவுதான்: "ஒண்டும் செய்யாது. போய்ப் படுங்கோ."

அன்று பின்னேரம் ஒரு கடித உறை வந்தது. காப்புறுதிக் கந்தோர். அடுத்த கிழமை ஒரு ஆள் வருவார், இந்த இந்தப் பெயர்களின் தாள்களைப் பார்ப்பார் என்று எழுதியிருந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களை அப்படிப் பார்ப்பார்களாம். டாக்டர் பெயர்களை வாசித்தார். ஆறாவது பெயர் ஜெயமலர். "எடுத்து வை" என்று சொல்லிவிட்டு அவர் கழுத்துப்பட்டியை நேராக்கினார்.

புதன் முழுக்க இதையே கணக்குப் பார்த்தேன். சொன்னால் அட்டை பிடிபடும். அட்டை பிடிபட்டால் டாக்டரின் கையெழுத்துப் பிடிபடும். எழுதினது நான். என்னைக் கூப்பிடுவார்கள். என் விசாத் துண்டைக் கேட்பார்கள். இன்னும் மூன்று கிழமையில் புதுப்பிக்க வேண்டும். அலுமாரிக்குள் இருந்த அந்தத் துண்டை எடுத்துப் பார்த்தேன், திரும்ப வைத்தேன். ஊசி கழுவினேன். சூட்டுப்பெட்டிக் கதவை இடையில் திறந்துவிட்டேன். முதலில் இருந்து தொடங்கினேன். வாசல் மணி அடித்த ஒவ்வொரு முறையும் கந்தோர் ஆள் என்றே நினைத்தேன்.

வியாழன் மத்தியானம் டாக்டர் சாப்பிடப் போன நேரம் ரயில் எடுத்து லா கூர்னெவ் போனேன். ஏன் போனேன் என்று அப்ப எனக்குத் தெரியாது. நல்லாயிருக்கிறாள் என்று கண்டால் வாய் திறக்காமல் இருந்துவிடலாம் என்று நினைத்திருப்பேன்.

ஜெயமலர் கதவைத் திறந்தா. சிரிக்கவில்லை. அறைக்குள் அந்தப் பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தது. காலுக்கு நடுவில் துணி.

"எப்ப துடங்கினது?"

"நேற்றுக் காலமை," என்றா ஜெயமலர். "கொஞ்சம்தான். நோவும் இருக்காம்."

"ஆசுப்பத்திரிக்கு ஏன் போகேல்லை?"

"எந்த அட்டையோடை போறது? என்ர அட்டை இலக்கத்துக்கு இனிப் பிள்ளை பிறக்காது எண்டெல்லோ கந்தோரில பதிஞ்சு கிடக்கு. அதோடை போய் மூண்டு மாசம் எண்டு சொல்லேலுமோ?"

அதை அவ யோசித்துத்தான் சொன்னா. பகிடி இல்லை. அட்டையில் இல்லாத பிள்ளையைக் காப்பாற்ற ஆசுப்பத்திரிக்குப் போக ஏலாது என்று இரண்டு பெண்களும் ஒரு நாள் முழுக்கக் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். நானும் பஜோல் தெருவில் டாக்டரின் அறையில் அதே நாள் முழுக்க வாயைப் பூட்டிக்கொண்டு இருந்தேன்.

"நான் டாக்டருக்குச் சொல்லப்போறன்," என்றேன்.

ஜெயமலர் கதவை மறித்தா. "அக்கா, அட்டையைப் பறிப்பாங்கள். என்ர பிள்ளையளுக்கும் அதுதான் அட்டை. மனுசனுக்கு வேலை போகும். உங்களுக்கென்ன, டாக்டரின்ர நிழலில இருக்கிறியள். பிள்ளை குட்டி இல்லாத உங்களுக்குச் சொல்லுறது சுகம்."

 கட்டிலில் இருந்து அந்தப் பிள்ளை, "அக்கா, விடு," என்றது. யாருக்குச் சொன்னது என்று தெரியாது. ஜெயமலர் விலகினா.

கீழே தெலிபோன் பெட்டி. காசு போடும்போது இரண்டு தரம் கீழே விழுந்தது.

"டாக்டர், அந்த ஜெயமலர் ஜெயமலர் இல்லை. தங்கச்சி."



"வேற என்ன?" என்றார்.

"மூண்டாம் மாசம்."

கண்ணாடியை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"ரத்தம்?"

"ஓம்."

"எவ்ளோ?"

"கொஞ்சம். நேற்றையிலயிருந்து."

"படுத்தே இருக்கட்டும். எழுந்து நிக்க வைக்காத. ஆம்புலன்சுக்கு நான் சொல்றேன். ஆஸ்பத்திரில அவ சொந்தப் பேரச் சொல்லணும். அக்கா அட்டையத் தொடாத. வீட்லயே இருக்கட்டும். அவ பேரு என்ன?"

எனக்குத் தெரியாது. இரண்டுதரம் ஊசி எடுத்திருக்கிறேன். பெயர் தெரியாது. மேலே ஏறிப் போய்க் கேட்டேன். வசந்தி.

ஆசுப்பத்திரியில் எழுதுகிற பெண் பெயர் கேட்டபோது அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது. "சொல்லுங்கோ, பிள்ளை" என்றேன். வசந்தி என்றது. அட்டை கேட்டார்கள். இல்லை என்றேன். அந்தப் பெண் ஒரு கோடு இழுத்துவிட்டுக் கட்டிலை உள்ளே தள்ளச் சொன்னா. அவ்வளவுதான். அந்த ஒரு கோட்டுக்குத்தான் நாங்கள் எல்லாரும் பயந்திருந்தோம்.

டாக்டர் தானே வந்தார், கழுத்துப்பட்டியோடு. அங்கே இருந்த இளம் டாக்டரிடம் தன் பெயரைச் சொன்னார். ஒரு தாளில் ஒரு உடம்பு கீறி, எட்டுப் புள்ளி வைத்து, இரண்டு செவ்வாய்க்கிழமையையும் எழுதி, ஊசி எவ்வளவு ஆழம் போனது என்றும் எழுதிக் கொடுத்தார். இளம் டாக்டர் கொஞ்சம் சிரித்தமாதிரி, "இதனாலா என்று நினைக்கிறீர்கள்?" என்றார். "தெரியாது. ஆனால் தாளை வைத்துக்கொள்ளுங்கள்" என்றார் எங்கட டாக்டர்.

வெளியே நடையில் என் பக்கத்தில் இருந்தார். "பத்து மணி நேரம் நின்னு இஸ்திரி போட்டிருக்கா. ஊசியா, இஸ்திரியா, யாருக்குத் தெரியும். ஊசி என்னுது" என்றார். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். ஏசவில்லை.

மூன்று நாளில் இரத்தம் நின்றது. வயிற்றுப் பிள்ளை தங்கினது. அது பிறகு வந்த செய்தி. அந்த வெள்ளிக்கிழமை எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

வெள்ளி காலமை டாக்டர் அந்தக் குறிப்புத்தாளை மேசையில் வைத்தார். என் எழுத்து. கந்தோர் ஆள் வர நாலு நாள் இருந்தது.

"டாக்டர், புதுசா ஒண்டு எழுதித் தரட்டோ?" என்று நான் கேட்டேன். கேட்டது நான்தான். வெட்கமாக இருக்கு, ஆனாலும் கேட்டேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "வேணாம். தப்பு எழுதினா ஒரே ஒரு கோடு. கிறுக்கக் கூடாது. கீழ இருக்கிறது படிக்க வரணும்." அடிமட்டம் வைத்து அளந்த மாதிரி ஒரு கோடு போட்டார். மேலே உண்மையை எழுதினார். பக்கத்தில் கையெழுத்து வைத்தார். பேனையைக் கீழே வைத்துவிட்டு, "எழுதினது யாருன்னு கேப்பாங்க. உன் பேர நான் சொல்ல மாட்டேன். ஆனா பொய்யும் சொல்ல மாட்டேன்" என்றார்.

பேனை மேசையில் கிடந்தது. மெத்ரோ இரண்டு தரம் போனது. எடுத்து, அவர் கையெழுத்துக்குக் கீழே என் முழுப்பெயரையும் எழுதினேன்.

பிறகு அவர் குழாயைக் கொண்டுவரச் சொன்னார். ஜெயமலர் என்று ஒட்டியிருந்ததை நகத்தால் உரித்தார். வசந்தி என்று எழுத வைத்தார்.

கந்தோர் ஆள் வந்தார். இளம் ஆள், நல்ல மரியாதை. "இதை யார் எழுதியது?" என்றார். நான் என்றேன். "உண்மை இல்லை என்று தெரிந்தா?" ஓம் என்றேன். அதையும் எழுதினார். டாக்டரைப் பட்டியலில் இருந்து அரை வருசம் எடுத்தார்கள். ஜெயமலருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அட்டை போகவில்லை. எனக்கு ஒன்றும் வரவில்லை. அதுதான் பெரிய வேதனை. அந்த வருசம் நாலு முறை பிறிபெக்சர் வரிசையில் நின்றேன். யன்னலுக்குள் இருக்கிறவர் என் பெயரை வாசித்துவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினால் நான் வாசலைத் திரும்பிப் பார்ப்பேன். நிறுத்தினது மூக்குத் துடைக்க. துண்டு தருவார்கள். அடுத்த தரம்தான் என்று நினைத்துக்கொண்டு படி இறங்குவேன்.

அரை வருசம் படிக்கட்டு வெறிச்சோடிக் கிடந்தது. பிரெஞ்சுக் கிழவிகள் மட்டும் வந்தார்கள். சப்பாத்து ஒன்றும் வாசலில் இல்லை. முடிந்த கையோடு டாக்டர் திரும்பச் சேர விண்ணப்பம் எழுதினார். 

"திரும்பவுமோ, டாக்டர்?"

"சேரலன்னா அவ மாதிரிப் பொண்ணு இங்க வரவே மாட்டா. வலியோட இஸ்திரி போட்டுக்கிட்டே இருப்பா. நமக்குத் தெரியாது, அவ்ளோதான்."

ஒழுங்கை மட்டும் மாற்றினார். முதலில் கட்டில், பிறகு கடதாசி. வருகிறவர் படுத்து, நான் கேட்க வேண்டியது எல்லாம் கேட்டு, ஊசி போட்டு, எடுத்து, எண்ணி முடித்தபிறகுதான் அட்டையைப் பற்றி வாய் திறக்கலாம். அதற்கு முன் யாராவது நீட்டினாலும் வாங்கக் கூடாது. அட்டை இல்லை என்றால் மண்ணிறத் தாளும் இல்லை, ஆனால் ஊசி உண்டு. குழாயில் வாயால் சொன்ன பெயர். நான் ஓய்வு எடுக்கும்வரை அதுதான் ஒழுங்கு.

வசந்தி திரும்ப வரவில்லை. பிறந்தது பொம்பிளைப் பிள்ளை என்று கேள்விப்பட்டேன். இப்பவும் கடைத்தெருவில் கண்டால் மற்றப் பக்கம் திரும்புவா. நானும் கூப்பிடுகிறதில்லை.

கடிதம் காட்டின டாக்டருக்கு என் மறுமொழி இது. சேருங்கோ. சேராவிட்டால் வலி உள்ளவர்களில் பாதிப் பேர் வரமாட்டார்கள். ஆனால் வயிற்றைப் பற்றிக் கேட்கிற ஆளின் கையில் அந்த நேரம் அட்டை இருக்கக் கூடாது. கையில் அட்டை இருந்தால் அட்டையைத்தான் பார்ப்போம். நான் பார்த்தேன்.

இன்னும் ஒன்று. டாக்டர் செத்துப் பத்து வருசத்துக்கு மேல். கடைசிவரை அவர் என்னிடம், உனக்கு எப்ப தெரியும் என்று கேட்கவில்லை. தெலிபோன் எடுத்த அன்றுதான் தெரிந்தது என்று நினைத்திருப்பார். நாடி பார்த்துவிட்டு என்னைப் பார்த்த மனிதர். அப்படி நினைக்காமலும் இருந்திருக்கலாம்.

இதை முதலில் எழுதினபோது அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பக்கத்தில், "அன்றைக்கே டாக்டரிடம் சொன்னேன்" என்று எழுதியிருந்தேன். அதில் ஒரு கோடு போட்டேன். கீழே இருக்கிறது வாசிக்க வரும். மேலே எழுதினது: இரண்டு நாள் சொல்லாமல் இருந்தேன்.